உமாபதியின் எக்ஸ்

நகரியில் விசைத்தறி ஓட்டும் வீட்டில் பிறந்தும் உமாபதிக்குத் தறிச் சத்தம் ஆகாது. பேங்கில் ஏசிக்குக் கீழே உட்கார வேண்டும் என்று ஆறு முறை கிளார்க் பரீட்சை எழுதி, ஆறையும் கோட்டை விட்டிருந்தான். ஏழாவதுதான் கடைசி. அதோடு வயது வரம்பு முடிகிறது.

தினமும் பஸ் பிடித்துத் திருப்பதிக்குக் கோச்சிங் போனான். ஹரிபாபு சார் அங்கே தெலுங்கில் ஒரு மந்திரம் உபதேசித்திருந்தார்: "எக்ஸ் வச்சிந்தா, ஆன்சர் வச்சினட்டே." எக்ஸ் வந்துவிட்டால் விடையே வந்த மாதிரியாம். நம்ம ஆள் அதைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டான். எத்தனை மணிக்கு வருவாய் என்று மனைவி ஸ்வர்ணலதா கேட்டால், "எக்ஸ்னு வெச்சிக்கோ" என்பான். சதவீதத்துக்குத் தெலுங்கில் 'சாதம்' என்று பெயர். அவன் "முப்பது சாதம், நாப்பத்தஞ்சு சாதம்" என்று முணுமுணுக்கும்போதெல்லாம் பாவம், அவள் சோற்றுப் பானையை எட்டிப் பார்ப்பாள்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தவன் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. வாசலில் காத்திருந்த ஸ்வர்ணலதாவை டீக்கடைக்கு இழுத்துப் போய், தான் கிழித்த கணக்கைச் சொன்னான்.

"ஒருத்தன் முப்பது சாதம் வாங்கி, அம்பது மார்க்குல ஃபெயிலு. இன்னொருத்தன் நாப்பத்தஞ்சு சாதம், பாஸ் மார்க்குக்கு மேல இருபத்தஞ்சு. மொத்தம் எக்ஸ். பதினஞ்சு சாதம் எழுபத்தஞ்சு. எக்ஸ் ஐநூறு! டக்குனு அழுத்திட்டேன்."

"கேட்டது இன்னா மாமா?"

"பாஸ் மார்க்கு எவ்ளோன்னு."

"மொத்தமே ஐநூறு, பாஸ் மார்க்கும் ஐநூறா? நூத்துக்கு நூறு வாங்கினாதான் பாஸா?"

உமாபதி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டான்: முப்பது சாதம் நூற்றைம்பது, அதோடு ஐம்பது. பாஸ் மார்க் இருநூறு. கடைசி வரியை அவன் படிக்கவே இல்லை.

ரிசல்ட் வந்தது. ஒரே ஒரு மார்க்கில் போயிற்று. உமாபதி சுவரோரமாக உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். ஸ்வர்ணலதா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கணக்கு வராம நீ ஃபெயிலாவல மாமா. கேக்கறது இன்னான்னு காதுல வாங்காமயே பதில் சொல்லிக்கினு கீற. என்னாண்டயும் அப்டிதான்."

"உன்னாண்ட எப்ப அப்டி சொன்னேன்?"

"காலைல உன்னை ஒண்ணு கேட்டேனே, இன்னா கேட்டேன்? சொல்லு."

உமாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். 'சரி' என்று தான் சொன்னது நன்றாக நினைவிருந்தது.