உள்பக்கம் வந்த பந்து

என்னை அம்பயர் ஆக்கியதற்கு ஒரே காரணம், நான் பிலிப்பைன்ஸ்காரி இல்லை என்பதுதான். அதற்கு மேல் ஒரு தகுதியும் எனக்கு அப்போது கிடையாது. குவைத்தில், ஃபஹாஹீலில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் பிலிப்பைன்ஸ் நர்சுகள் இரண்டு சாஃப்ட்பால் அணி வைத்திருக்கிறார்கள். ஒன்று ஆபரேஷன் தியேட்டர் அணி, இன்னொன்று வார்டு அணி. குளிர் தொடங்கிவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மணல் திடலில் ஆட்டம். யாரை அம்பயராக நிறுத்தினாலும் அவள் ஒருத்திக்கு ரூம்மேட்டாகவோ இன்னொருத்திக்கு ஊர்க்காரியாகவோ இருப்பாள். சண்டை ஓயவே ஓயாது. கடைசியில், "சிஸ்டர், உனக்கு ரெண்டு பக்கமும் சொந்தம் இல்லையே, நீ நில்லு" என்று என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவளுக்கு பேஸ்பால் எங்கே தெரியும், அதன் தங்கச்சி சாஃப்ட்பால் எங்கே தெரியும்? ஆனாலும் அம்பயர் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வீட்டில் கிரிக்கெட் ஓடும்போது அம்பயரை என்னளவுக்குத் திட்டுகிறவர்கள் எங்கள் கட்டிடத்திலேயே கிடையாது. திட்டினது போதும், இனி நாமே சொல்லுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

ஆட்டம் புரிந்துவிட்டால் எளிதுதான். எறிகிறவள் கையைக் கீழாகச் சுழற்றி எறிவாள். மட்டை பிடித்தவளின் பக்கத்தில் தரையில் ஒரு வெள்ளைத் தட்டு கிடக்கும். அந்தத் தட்டுக்கு மேலாக, ஆடுகிறவளின் முட்டிக்கு மேலும் அக்குளுக்குக் கீழுமாகப் பந்து போனால், அவள் மட்டையை அசைக்காவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக்கில் அவள் அவுட். அந்தக் கட்டத்துக்கு வெளியே போனால் அதற்குப் பெயர் 'பால்'. நான்கு பால் ஆகிவிட்டால் அவள் ஓடாமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். மூன்று பேஸையும் சுற்றித் தட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன், மூன்று பேர் அவுட்டானால் அந்த ரவுண்டு முடிந்தது. கட்டம் கட்டம் என்கிறேனே, அது கண்ணுக்குத் தெரியாது. தட்டுக்குப் பின்னால் பந்து பிடிக்க உட்கார்ந்திருக்கும் கேட்சருக்கும் பின்னால் குனிந்து நிற்கும் நான்தான் அதை மனசுக்குள் வரைந்துகொள்ள வேண்டும். போதாக்குறைக்கு, குட்டையான ஒருத்தி வந்து நின்றால் கட்டமும் குட்டையாகிவிடும். "இது என்ன அநியாயம், ஆளுக்குத் தக்கன ஸ்டம்பை வெட்டுவாங்களா?" என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

முகத்தில் பந்து பட்டுவிடக் கூடாதே என்று என் வீட்டுக்காரர் வேலைத் தளத்தில் கிரைண்டிங் செய்யும்போது போடும் முகக் கண்ணாடியைக் கொடுத்தனுப்பினார். பின்னாலேயே தானும் வந்தார். எண்ணெய்க் கம்பெனி வேலைகளில் வெல்டர் அவர். கூடவே அவருடைய கூட்டாளி, ராமநாதபுரத்துக்காரர், கிரேன் ஓட்டுகிறவர். ஒரு ஃபிளாஸ்க் டீ, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, வாய் நிறைய பேச்சு. என்னைக் கேலி செய்ய வந்த இரண்டு பேரும் மூன்றாவது வாரத்துக்குள் அந்த ஆட்டத்தில் பித்துப்பிடித்த ரசிகர்களாகிவிட்டார்கள். பிலிப்பைன்ஸ் பெண்கள் கொண்டுவரும் அரிசிக் கேக்கில் இவர்களுக்கும் பங்கு வந்தது. தின்றுகொண்டே என்னைத் திட்டுவார்கள்.

"எட்டி, அது பாலாக்கும்! கண்ண எங்க வெச்சிருக்க?" என்று நாற்காலியிலிருந்து கத்துவார் என் வீட்டுக்காரர்.

"தங்கச்சி, முட்டிக்குக் கீழ போச்சு. நான் பார்த்தேன்" என்பார் கிரேன் அண்ணன். "உச்சியில உக்காந்துக்கிட்டு கீழ ஆணி எங்க கெடக்குன்னு பாக்குற ஆளு நானு. எனக்குத் தெரியாதா?"

"அப்போ உச்சியிலயே இருக்க வேண்டியதுதானே அண்ணா, இங்க என்னத்துக்கு வந்தீங்க?" என்று முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நானும் கத்துவேன். அம்பயர் ரசிகரோடு வாய்ச்சண்டை போடக் கூடாதாம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சண்டை வீட்டுக்கும் வரும். மீன் குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால், நான்காவது ரவுண்டில் கொடுத்த ஸ்ட்ரைக்கைப் பற்றிப் பதில் வரும். நான் விடுவேனா? "பக்கவாட்டுல உக்காந்து பாத்தா உசரம் தெரியும், சரி. பந்து தட்டுக்கு மேல வந்துதா, வெளிய போச்சுதான்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அதை நேர நிக்க நான்தான் பாக்க முடியும்" என்று ஒரே போடு போட்டேன். நியாயமான பேச்சு. எனக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஆனால் என் சந்தோஷத்தில் மண் விழுந்தது. தியேட்டர் அணியின் கேப்டன்தான் அவர்களுக்குப் பந்து எறிகிறவள். ஆள் சின்ன உருவம், குரல் மட்டும் கூரையைத் தொடும். அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்ற பிறகு அவள் நேராக என் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய நல்ல பந்து, ஆடுகிறவளின் உடம்பை ஒட்டி உள்பக்கமாக வரும் பந்து. அதை நான் ஒவ்வொரு முறையும் பால் என்று சொல்லி, எதிராளிகளைச் சும்மா நடக்க விடுகிறேனாம். "உன் கட்டம் ஒரு பக்கம் நகர்ந்துகிட்டே இருக்கு, சிஸ்டர். இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை பார்ப்பேன். மாறலேன்னா கலாஸ், அவ்வளவுதான், வேற ஆள் கொண்டுவருவோம்" என்றாள் இங்கிலீஷில். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தச் சுற்றின் இறுதி ஆட்டம்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைச் செய்ய வேண்டும், இன்சார்ஜ் சொன்னதைச் செய்ய வேண்டும், நோயாளியோடு வந்தவர் சத்தம் போட்டால் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மணல் திடலில் மட்டும்தான் நான் கையைத் தூக்கினால் இரண்டு அணியும் என்னைப் பார்க்கும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அன்றைக்கே அடுத்த இடி. என்னை மடக்கவேண்டும் என்ற ஒரே வைராக்கியத்தில் என் வீட்டுக்காரர் அந்த ஆட்டத்தின்போது நாற்காலியை எனக்கு நேர் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம் போட்டிருந்தார். இரண்டு கேப்டன்களிடமும் கேட்டுக்கொண்டு போனில் வீடியோவும் எடுத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை டிவியில் ஓடவிட்டு, நான் பையில் வைத்திருந்த வெள்ளை ஆஸ்பத்திரி டேப்பைக் கிழித்து, தட்டின் இரண்டு ஓரத்துக்கும் நேராக டிவி மேல் ஒட்டினார். கிரேன் அண்ணன் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பந்தாக நிறுத்தினார்.

உடம்பை ஒட்டி வந்த பந்து, டேப்புக்கு உள்ளே. நான் பால் என்று சொல்லியிருந்தேன். உடம்பை விட்டு விலகிப்போன பந்து, டேப்புக்கு வெளியே. நான் ஸ்ட்ரைக் என்று கை தூக்கியிருந்தேன். அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படியே.

"நீ பாக்கது வைடு, கேட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர். "கிரிக்கெட்டுல லெக் சைடு கொஞ்சம் போனாலும் கைய விரிப்பான். ஆஃப் சைடு கொஞ்சம் வெளிய போனா விட்டுருவான். அதே கண்ணு உனக்கு. இங்க ரெண்டு பக்கமும் ஒண்ணாக்கும்."

அப்பாடா, அந்த மனிதர் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷம்! எனக்கு டேப்பை அவர் வாயில் ஒட்டலாமா என்றிருந்தது. ஆனால் சொன்னது அத்தனையும் சரி. லெக் சைடில் பந்து போனாலே என் மனசு கையை விரித்துவிடுகிறது. வருஷக்கணக்காக டிவி முன்னால் உட்கார்ந்து கத்திக் கத்தி வந்த பழக்கம்.

"சவத்த விடு, இன்னும் ஒரு வாரம் கெடக்கு" என்று அவரே ஆரம்பித்தார். அன்று தொடங்கி டியூட்டி முடிந்து வந்தால் ஹாலில் பயிற்சி. தரையில் துவாலையை மடித்துப் போட்டால் அதுதான் தட்டு. மாப்புக் கம்போடு அவர் நிற்பார். சுருட்டிக் கட்டிய சாக்ஸை கிரேன் அண்ணன் எறிவார். நான் சோஃபாவுக்கு முன்னால் குனிந்து நின்று சொல்வேன். "பால்." "இல்ல தங்கச்சி." "ஸ்ட்ரைக்." "அப்பிடிச் சொல்லு!" சாக்ஸ் போய்க் கண்ணாடி டம்ளரைத் தள்ளி உடைத்தது. சிரிப்பை அடக்க முடியாமல் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டு எகிப்துக்காரர் வந்து கதவைத் தட்டி என்ன நடக்கிறது என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும் அவரும் இரண்டு சாக்ஸ் எறிந்துவிட்டுத்தான் போனார்.

இறுதி ஆட்டத்தில் முதல் பந்திலிருந்தே கவனமாக இருந்தேன். தியேட்டர் கேப்டனின் உள்பக்கப் பந்துக்கு ஸ்ட்ரைக் கொடுத்தபோது அவள் நின்று என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த பந்தை எடுத்தாள். ஆட்டம் இழுபறியாகப் போய்க் கடைசி ரவுண்டுக்கு வந்தது. தியேட்டர் அணி ஒரே ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் அவர்களுடைய ஆட்கள். மட்டையோடு வந்து நின்றவள் அந்தக் கேப்டனேதான்.

மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். இனி ஒரே பந்து. பால் என்றால் அவள் நடப்பாள், மூன்றாவது பேஸில் நிற்கிறவள் உள்ளே வருவாள், ஆட்டம் சமம். ஸ்ட்ரைக் என்றால் எல்லாம் முடிந்தது. என் வீட்டுக்காரர்கூட அரிசிக் கேக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

வார்டுக்காரி எறிந்தாள். பந்து உள்ளே வந்தது. கேப்டனின் இடுப்பை ஒட்டி, தட்டின் உள்ளோரத்தை உரசிக்கொண்டு. எந்தப் பந்தைப் பால் என்று சொல்லி இத்தனை வாரம் அவளைத் தோற்கடித்தேனோ, அதே பந்து. அவள் மட்டையை அசைக்கவில்லை. பழைய பழக்கத்தில் என் கை எழாமலே இருக்கப் பார்த்தது. பால் என்று சொல்லிவிட்டால் அவளுக்கும் சந்தோஷம், என் அம்பயர் வேலையும் நிலைக்கும். கையைத் தூக்கினேன்.

"ஸ்ட்ரைக்!"

வார்டு அணி கத்திக்கொண்டு ஓடி வந்து ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தது. தியேட்டர் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். பத்து வாய் ஒரே நேரத்தில் அவர்கள் மொழியில் திட்டுவது எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்தப் பக்கம், "எட்டி, அது பாலாக்கும்!" என்று என் வீட்டுக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். இவருக்கா நான் ஒரு வாரம் சோறு போட்டேன் என்று எரிச்சல் வந்தது.

கேப்டன் மட்டையை மணலில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"உள்பக்கமா?" என்று கேட்டாள்.

"உள்பக்கம்தான். ஆனா தட்டுக்கு மேல வந்தது."

அவள் தன் அணியைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். "கலாஸ். ஸ்ட்ரைக்தான்" என்றாள். சத்தம் நின்றது. பிறகு என் முகக் கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கிவிட்டு, கண்ணுக்கு நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"வியாழக்கிழமைல இனி நைட் டியூட்டி போட்டுக்காதே, சிஸ்டர். வெள்ளிக்கிழமை காலையில நீ இங்க வேணும்."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அம்பயர் அழுதால் அப்புறம் யார் மதிப்பார்கள்?