பத்துக்கு ஒன்பதில் ஒரு தியேட்டர்

புரொஜெக்டர் வந்து இறங்கிய அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்பெனி பஸ்ஸிலிருந்து குதித்து, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தால், பெட்டியைப் பிரிக்காமல் கட்டில் மேல் வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "நீ வர்றதுக்குள்ள பிரிச்சா என்னைய உசுரோட விடுவியா?" என்றார். விட்டிருக்க மாட்டேன். எங்கள் இரண்டு பேரில் சினிமாப் பைத்தியம் நான்தான். அவர் மெயின்டனன்ஸில் வேலை பார்க்கிறவர். எந்த மெஷினைக் கண்டாலும் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

ஓசூரில் எங்களுடையது முதல் மாடி வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை, பத்துக்கு ஒன்பதில் ஒரு படுக்கையறை. கட்டிலும் பீரோவும் போக அந்த அறையில் மிச்சமிருக்கும் இடத்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் கட்டில் மேல் ஏறித்தான் வழிவிட வேண்டும். அங்கேதான் தியேட்டர் கட்டப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஊருக்கெல்லாம் ஆசைக்காக என்று சொன்னேன். ஆசைதான். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. அது அப்பா.

சாமல்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா தக்காளி போடுகிறவர். எனக்குச் சினிமாப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவரும் அவர்தான். சைக்கிள் முன்கம்பியில் என்னை உட்காரவைத்துக்கொண்டு எத்தனை படத்துக்குப் போயிருக்கிறார் என்று கணக்கே கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன், கம்பெனி பஸ்ஸில் பார்த்துப் பழகியவரையே நான் கட்டிக்கொண்டேன் என்றதும் மாறிப்போனார். என் வீட்டுக்காரருக்கு மதுரைப் பக்கம், எங்கள் சாதியும் இல்லை. அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை, போனில் பேசுவதையும் நிறுத்தவில்லை. ஆனால் பங்காளிகள் எல்லாம் கூடியிருந்த இடத்தில், "அவ வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கம் அது பெரிய வார்த்தை. கை நனைக்கவில்லை என்றால் அந்த வீட்டில் ஒரு வாய் சோறு கிடையாது, டீ கிடையாது, பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அந்த வீட்டோடு உறவே இல்லை என்று அர்த்தம். மூன்று வருஷமாக மாங்காய் சீசனுக்குச் சீசன் பஸ் ஏறி வருவார். கேட்டுக்கு வெளியே நின்று பையை நீட்டுவார். தன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிப்பார். "வர்றேன் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விடுவார். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றாலும் அவரை ஏதோ கேட் கம்பியைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள், இவருக்கு மட்டும் என்ன கேடு? இரும்பு மனுஷன் மாதிரி நடிக்கிறாரே தவிர, ஒரு நல்ல படம் என்றால் வெண்ணெயாய் உருகிவிடுவார் என்பது எனக்குத் தெரியாதா!

சரி, முதல் நாள் கதைக்கு வருகிறேன். பீரோ மேல் புரொஜெக்டரை வைத்து விளக்கை அணைத்தோம். சுவர் நிறையப் படம்! இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும்! நான் கட்டில் மேல் ஏறி நின்று விசிலடித்தேன். ஆனால் எங்கள் சுவரோ இளம்பச்சை. கதாநாயகி பச்சைப்பசேல் என்று வந்து நின்றாள். "ஆத்தி, இந்தப் புள்ளைக்கு என்ன சீக்கு?" என்றார் மதுரைக்காரர்.

விசில் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு ஓனரம்மா மூச்சிரைக்க மேலே வந்துவிட்டாள். அவளுக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு, எங்களிடம் பாதித் தமிழ். சுவர் நிறைய ஓடும் படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தவள், போகும்போது மறக்காமல் சொன்னாள்: "மேகு மாத்ரம் கொட்டொத்தம்மா!" என்ன ஆனாலும் ஆணி மட்டும் அடிக்கக் கூடாது. குடிவந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்கிறாள். காலண்டர்கூடக் கதவுத் தாழ்ப்பாளில்தான் தொங்குகிறது.

வெள்ளைத் திரை வேண்டும். பெட்ஷீட் கட்டிப் பார்த்தோம், எல்லோர் முகத்திலும் சுருக்கம் விழுந்தது. கடைசியில் பாகலூர் ரோட்டில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். "என்ன விசேஷம்மா, காதுகுத்தா?" என்றார் கடைக்காரர்.

"விசேஷமெல்லாம் இல்லண்ணா. வெறும் வெள்ளையா வேணும்."

"பேக்ரவுண்டு வெள்ளையா? செஞ்சுடலாம். போட்டோ குடுங்க."

"போட்டோ இல்லண்ணா."

"பேரு?"

"பேரும் இல்ல."

மனுஷன் முகம் வாடிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருக்கும்மா, கண்ணீர் அஞ்சலியா?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகம் இல்லாத ஃபிளெக்ஸை அவர் அந்தக் கடையில் விற்றதே இல்லையாம். சுருட்டிக் கொடுக்கும்போதுகூட, "ஓரத்துல உங்க போட்டோவாவது சின்னதா போட்டுக்கலாமே" என்று மனசு கேட்காமல் சொன்னார்.

ஆணி இல்லாமல் அதை மாட்டுவதற்கு என் வீட்டுக்காரர் வழி கண்டுபிடித்தார். சுவரின் உச்சியில் பாத்திரம் போட்டு வைக்கிற பரண் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் இரண்டை முடுக்கி, குழாயைக் கட்டி, ஃபிளெக்ஸைத் தொங்கவிட்டார். திரை தகதகவென்று நின்றது. படத்தைப் போட்டால் ஃபேன்! பீரோ மேலிருந்து வந்த வெளிச்சம் சரியாக ஃபேன் இறக்கைக்கு நடுவே போனது. கதாநாயகன் வசனம் பேசப் பேச ஃபேன் அவனைச் சீவித் தள்ளியது. ஃபேனை நிறுத்தினால் எங்களுக்கு வேர்த்து ஊற்றியது. கம்பெனியில் தலைமுடி கனத்துக்கு அளவெடுத்துத் தரம் பார்க்கிறவள் நான், தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை அளவில் சேர்க்கவே இல்லை!

"நீயெல்லாம் குவாலிட்டி!" என்று ஒரு நாள் முழுக்க ஓட்டினார். அப்புறம் அவரே ஓர் இரும்புக் குழாயின் நுனியில் பெரிய போல்ட் வைத்து, தரைக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து இறுக்கினார். அதில் ஃபேனுக்கு ஒரு சாண் கீழே தட்டு வைத்து, புரொஜெக்டரை உட்காரவைத்தார். ஓனரம்மா வந்து குழாயைத் தடவிப் பார்த்தாள், கூரையை அண்ணாந்து பார்த்தாள். எங்கும் ஆணி இல்லை. வந்த வழியே கீழே இறங்கிப் போனாள்.

மிச்சமிருந்தது இருட்டு ஒன்றுதான். பகலில் ஜன்னல் வெளிச்சம் படத்தைச் சோகை பிடிக்க வைத்தது. எனக்கோ பகலில்தான் படம் ஓட வேண்டும். அப்பா எப்போதும் பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர் ஆயிற்றே. அவருக்கே போன் போட்டேன்.

"ப்பா, மல்ச்சிங் ஷீட் மிச்சம் இருக்கா?" தக்காளிப் பாத்தியில் களை முளைக்காமல் இருக்க விரிக்கிற ஷீட் அது, ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் கறுப்பு. அதை மாட்டினால் ஜன்னலில் ஒரு பொட்டு வெளிச்சம் வராது.

"உனக்கெதுக்கு? மாடியில தக்காளி போடப் போறியா?"

"சினிமா போடப் போறம்ப்பா. செவுறு நெறையா."

"எத்தன அடி?"

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்! ஷீட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வழக்கம்போலக் கேட்டில் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் மறுநாளே போன். "இருட்டு நல்லா இருக்கா? மூலைல ஓட்டை கீட்டை இருந்தா டேப் போட்டு ஒட்டு." அடுத்த நாள், "ரொம்பக் கிட்ட உக்காந்தா கழுத்து வலிக்கும், சேரைப் பின்னால தள்ளிப் போடு." அதற்கடுத்த நாள், "சவுண்டு முன்னாலருந்து வரணும், பின்னால வெச்சுறாத." வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிற மனுஷன் தினமும் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு நாள் துணிந்து கேட்டேவிட்டேன்.

"அவ்வளவு சந்தேகம் இருந்தா வந்து பாரேன்ப்பா."

"படம் மட்டும் பாத்துட்டுப் போறேன். சாப்பாடு கீப்பாடு எதுவும் ஆக்காத, சொல்லிட்டேன்" என்றார். எந்தப் படம் வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். நானும் அவரும் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே பார்த்த பழைய சண்டைப் படம் அது.

"உங்கப்பா நெசமாவே வருவாகளா?" என்று என் வீட்டுக்காரர் நூறு தடவை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஏணி மேல் ஏறி, லென்ஸைத் துடைத்து, திரையைத் துடைத்து, பொண்ணு பார்க்கப் போகிற மாதிரி சட்டை வேறு மாற்றிக்கொண்டார். நான் அவரை வா போ என்று கூப்பிடுகிறவள். அன்றைக்கு மட்டும் "ஏங்க" என்று கூப்பிட்டுப் பழகினேன். சாப்பாடு ஆக்கக் கூடாது என்றால் சரி, போண்டா போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! எங்களுக்குப் பசிக்காதா? ஒரு குண்டான் நிறையப் போட்டு மூடி வைத்தேன், வாசனையைத்தான் மூட முடியவில்லை. அப்பா கண்ணில் படுகிற இடத்தில் வைக்க மட்டும் தைரியம் வரவில்லை.

அப்பா வந்தார். கேட்டைத் தாண்டினார். படியேறினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் வாசலில் செருப்பைக் கழற்றினார். ஹாலில் உட்காரவில்லை, சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. "தியேட்டர் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே நேராகப் படுக்கையறைக்குள் போய்விட்டார். ஷீட்டைத் தொட்டுப் பார்த்தார், முட்டுக்கொடுத்த குழாயை ஆட்டிப் பார்த்தார், அது அசையவில்லை. கட்டிலில் உட்காராமல், மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு முழம் தள்ளி நின்ற என் வீட்டுக்காரரைப் பார்க்காமல் என்னிடம், "படத்தப் போடச் சொல்லு" என்றார்.

விளக்கு அணைந்தது. படம் ஓட ஆரம்பித்ததும் நான் திரையைப் பார்க்கவே இல்லை, அப்பா முகத்தைத்தான் பார்த்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது. குதிரை ஓடி வந்தபோது கால் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். வில்லனைப் பார்த்து, "வர்றான் பாரு, எமப்பய" என்று என் தோளைத் தட்டினார். சண்டை வந்தது. கதாநாயகன் கத்தியை உருவினான். அந்த நேரம் பார்த்து, சூடேறிய புரொஜெக்டர் படத்தைக் கலங்கலாக்கிவிட்டது. அவ்வளவுதான்! அப்பா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து பின்னால் திரும்பி, கூரை அதிரக் கத்தினார்.

"ஏய் ஆப்பரேட்டரு! போகசு! போகசப் பாருய்யா!"

என் வீட்டுக்காரர் பதறிப்போய் லென்ஸைத் திருகினார். படம் பளிச்சென்று வந்தது. "ஆங்! அப்பிடித்தான்!" என்று அப்பா உட்கார்ந்தார். அவரோடு அப்பா பேசிய முதல் பேச்சு அதுதான். பேசியது அப்பாவுக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் இருட்டில் என்னைப் பார்த்து ஈயென்று இளித்தார். திட்டு வாங்கிவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை.

திரையில் 'இடைவேளை' என்று எழுத்து வந்து நின்றது. விளக்கைப் போட்டோம். இப்போது பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடிப்பார், அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று நினைத்துச் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். எங்கள் இருவருக்குமாக டீயை அடுப்பில் வைத்தேன். குண்டானைத் திறக்கவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருக்கும்போது பின்னால் செருமல் கேட்டது.

அப்பா சமையலறை வாசலில் நின்றார். இடைவேளையில் நிற்கிற எல்லோரையும் போலவே, சோம்பல் முறித்துக்கொண்டு, சட்டைப் பையில் கையை விட்டு ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்தார். அடுப்பு மேடையில் வைத்தார்.

"ஒரு டீ, ரெண்டு போண்டா."

நான் அவரையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். முதலில் எனக்குப் புரியவே இல்லை. பங்காளிகளிடம் அவர் சொன்னது என் வீட்டைப் பற்றி. தியேட்டர் கேன்டீனைப் பற்றி அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

"என்ன பாத்துட்டு நிக்கற? பெல் அடிச்சுறப் போறாங்க."

தட்டில் போண்டாவை வைத்தேன், டீயை ஊற்றினேன். நின்றபடியே கடித்தார். "உப்பு கம்மி" என்றார். ஆனால் நான் கேட்காமலேயே மூன்றாவதையும் எடுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் கொட்டியது. அப்பா அதைப் பார்க்காத மாதிரி டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சில்லறை இல்லைங்க" என்றேன். கேன்டீன்காரி அப்படித்தானே சொல்வாள்.

"இல்லாட்டிப் போவுது. இன்னொரு டீ ஊத்து."

ஊற்றினேன். அந்த டம்ளரை அப்பா குடிக்கவில்லை. துண்டால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் அடிமேல் அடி வைத்து ஹாலைத் தாண்டிப் படுக்கையறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். என் வீட்டுக்காரர் ஏணியில் நின்று லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா டம்ளரை அவரிடம் நீட்டினார்.

"இந்தாங்க மாப்ள. குடிச்சிட்டுச் சீக்கிரம் படத்தப் போடுங்க."