கங்காணி கேட்ட கொடிமரம்

எங்கள் ரப்பர் தோட்டத்துக் கறையான்களுக்குப் பக்தி அதிகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவின் ஈப்போவைச் சுற்றி எத்தனையோ தோட்டங்கள் இருந்தும், எங்கள் மாரியம்மன் கோயில் கொடிமரத்தைத்தான் தேடி வந்து தின்றன. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அது சாயும். அதோடு சேர்ந்து, எங்களையெல்லாம் ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்த கங்காணியின் மீசையும் சாயும்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், நாலு எழுத்துப் படித்தவர். "மலை உச்சியில நிக்கிற மரம்தான் வைரம். குளிரிலயும் காத்திலயும் நிண்டு இறுகினது. கறையான் கிட்டப் போகாது" என்றார்.

கங்காணி அதோடு தன் மூளையையும் சேர்த்துக்கொண்டார். அடிவாரத்து மரமே பனை உயரம் என்றால் உச்சி மரம் எவ்வளவு இருக்கும்? வானத்தைத் தொடும் கொடிமரத்தை அவர் அப்போதே கண்ணால் பார்த்துவிட்டார். கிராணி கணக்கு நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். கங்காணியைத் திருத்த அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

மலை ஏறக் கீழ் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் நாங்கள் இருந்தோம். சாதியில் தாழ்ந்தவர்கள் என்று எங்களைக் கோயில் வேலிக்கு வெளியேதான் நிறுத்துவார்கள். கடலைத் தாண்டி வந்தவர்களால் அந்த மூங்கில் வேலியைத் தாண்ட முடியவில்லை.

"உச்சி மரத்தைக் கொண்டாந்து போடுங்கடா. இந்தத் திருவிழாவுக்கு நீங்களும் உள்ள வந்து கும்பிடலாம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார் கங்காணி.

அம்மன் முகத்தை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அந்த இருபது வயதில் வேறு எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. எங்கள் தோளில் வரும் மரத்துக்குத் தீட்டு இல்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. காரியம் கெட்டுவிடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

கோடாரி, கயிறு, அரிசி, கருவாட்டோடு மூன்று பேர் கிளம்பினோம். வழிகாட்ட ஒரு மலைவாசி வந்தார். உச்சியில் பெரிய மரம் வெட்டப் போகிறோம் என்று மலாய் மொழியில் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தவர், மூன்று நாளும் நிறுத்தவில்லை.

ஏற ஏற மரங்கள் குட்டையாகிக்கொண்டே போயின. பெரிய மரமெல்லாம் இன்னும் மேலே இருக்கும் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். உச்சியில் நின்று பார்த்தால் சுற்றிலும் என் இடுப்பு உயரத்துக்குத்தான் மரங்கள். உடம்பை முறுக்கி, பாசியைப் போர்த்திக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. தன் பாட்டன் காலத்திலும் அவை இதே உயரம்தான் என்றார் வழிகாட்டி.

"அண்ணே, இதுல கொடி ஏத்துனா கோழிதான்லா வந்து கும்பிடும்" என்றான் கூட வந்தவன்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஒன்றை வெட்டினேன். கைப்பருமன் மரத்தில் கோடாரி இரண்டு முறை எகிறியது.

கொண்டுவந்து கங்காணியின் காலடியில் வைத்தேன். "நீங்க கேட்ட உச்சி மரம் இதுதாங்க. மேல எல்லாம் இவ்வளவுதாங்க இருக்கு."

தோட்டமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பெருமையடித்து வைத்திருந்தார். "கொடிமரம் கேட்டா குச்சி கொண்டாறியா? பாதி மலையில படுத்துத் தூங்கிட்டு வந்திருக்கீங்க."

"எல்லார் முன்னாலயும் வாக்குக் குடுத்தீங்களே."

"மரத்துக்குத்தாண்டா வாக்கு. குச்சிக்கு இல்ல."

கிராணியைப் பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும், முகத்திலேயே தெரிந்தது. குடையை விரித்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

திருவிழாவுக்குக் காட்டோரத்தில் ஒரு நெட்டை மரத்தை வெட்டி நட்டார்கள். கறையான்கள் வழக்கம்போல் வந்து சேர்ந்தன. உள்ளே போக அவற்றுக்கு யார் உத்தரவும் வேண்டியிருக்கவில்லை. நாங்கள் வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டோம்.

நான் வெட்டிய மரம் வீணாகவில்லை. கங்காணி அதைச் சீவி, எண்ணெய் பூசி, பூண் போட்டுக் கைத்தடியாக்கிக்கொண்டார். விடிகாலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு யார் பிந்தி வந்தாலும் முதுகில் அது இறங்கும். ஒரு நாள் நானும் பிந்தினேன். கிராணி சொன்னது சரிதான். அந்த மரம் முறியவே இல்லை.