குடை விரிவதற்கு முன்

எங்கள் மயிலாப்பூர் வீட்டின் முன்னறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை தொங்குகிறது. மழைக்கென்று வாங்கியதல்ல. சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்ற அப்பாவுக்குக் கிடைத்த சின்னம் குடை. அதைப் பார்க்கும்போதெல்லாம், அவர் கையில் அது மடங்கியபடியே உயர்ந்து நின்ற மாலைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அப்பா சிறிய வழக்கறிஞர். பெசன்ட் நகர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றின் குடிசைகளை அரசு இடித்துவிடாமல் இடைக்காலத் தடை வாங்கியிருந்தார். தடை எத்தனை நாள் தாங்கும் என்ற பயத்தில் குப்பத்தாரே அவரைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். சட்டமன்றத்தில் தங்களுக்காகப் பேச ஒருவர் இருந்தால் வீடுகள் நிலைக்கும் என்று நம்பினார்கள்.

வாதத்தில் அப்பாவுக்கு ஒரு முறை உண்டு. “எதிராளி கட்சியை, அதான் அவன் தரப்பு நியாயத்தை, அவனைவிட நல்லா நாம சொல்லணும். அதுக்கப்புறம்தான் மறுக்கணும்” என்பார். பிரசாரத்தின் கடைசி நாளன்றும் அதை விடவில்லை. அடையாறு பாலத்தில் ஓர் ஊர்வலம் வழிமறித்ததால் நாங்கள் குப்பத்தை அடையவே தாமதமாகிவிட்டது. ஐந்து மணிக்கு ஒலிபெருக்கி ஓய வேண்டும். அப்பாவோ, குடிசைகளை ஏன் அகற்ற வேண்டும் என்று தொடங்கினார். தீ விபத்து, கடலரிப்பு, வேறிடத்தில் ஓடு வேய்ந்த வீடு என்று ஒவ்வொன்றையும் நிதானமாக அடுக்கினார். மறுப்பைத் தொடங்கும்போது குடையை விரிப்பதாக ஏற்பாடு. அம்மா கடிகாரத்தைப் பார்த்து, “நம்ம பக்கத்தச் சொல்லுங்களேன்” என்று முணுமுணுத்தாள். ஏழாம் வகுப்பு மாணவியான நான் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் ஒருவர் உரக்கக் கேட்டார்: “இன்னாபா, நம்ம வக்கீலு அவங்களாண்ட சேந்துட்டாரா?”

“நம்மளக் காலி பண்ணத்தான் குடைய புட்ச்சிக்கினு வந்துகீறாரு!” என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது.

அப்பா குடையை உயர்த்தினார். அதே கணத்தில் காவல் ஆய்வாளர் கைகாட்ட, ஒலிபெருக்கி நின்றது. இன்னும் ஒரு வாக்கியம் கத்தியிருக்கலாம். சட்டத்தை மீற அவருக்கு வரவில்லை. குடையைத் தாழ்த்திக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டார்.

ஒலிபெருக்கி இல்லாமல் வாக்குக் கேட்கத் தடையில்லை என்பதால், மறுநாள் வீடு வீடாகச் சென்று விளக்கினார். வழக்கின் முதல் மனுதாரரான மீன்கார அக்காவே கேட்டார்: “இப்ப சொல்றியே இது நெசமா, நேத்து மைக்குல சொன்னது நெசமா சார்?” தேர்தலில் அப்பா தோற்றார்.

வழக்கு மட்டும் அவரிடமே இருந்தது. அடுத்த வாய்தாவுக்கு என்னையும் அழைத்துச் சென்றார். அங்கும் எதிர்த்தரப்பிலிருந்தே தொடங்கினார். பக்கத்தில் அமர்ந்திருந்த அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. நீதிபதி எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவின் குரல் மாறியது. மறுப்பு ஒவ்வொன்றாக வந்தது, இறுதிவரை வந்தது. தடை நீடித்தது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. “இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா நீ எம்மெல்லே ஆயிருப்ப சார்” என்றார் அக்கா. அப்பா குடையை விரித்து அவரிடம் நீட்டினார்.

தடை என்றைக்கும் அடுத்த வாய்தா வரைதான். இப்போது நான் முதுகலை இலக்கியம் படிக்கிறேன். வாய்தா நாட்களில் அப்பா கதவுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போன சில மணி நேரத்தில், நான் பாடநூலை மூடிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறேன். இந்நேரம் எதிராளி கட்சியைச் சொல்லிக்கொண்டிருப்பார்.