ஏஜியன் கடல் மாவட்டத்துத் தண்டோராக்காரன்

கிரேக்கத்தின் மேற்குக் கடலோரத்து ஜகிந்தோஸ் தீவில் ஜனேத்தோவின் குரலைக் கேட்காத காது கிடையாது. சதுக்கத்தில் முரசடித்து அரசாங்கச் சேதியைக் கூவுவது அவன் வேலை. நாற்பது வயதுவரை தீவை ஆண்ட வெனிஸ்காரர்களுக்காகக் கூவினான். 1797 கோடையில் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். பிரபுக்களின் பெயர்கள் எழுதிய தங்கப் புத்தகத்தைக் கொளுத்திவிட்டு, இனி எல்லாரும் சமமான குடிமக்கள் என்று கூவச் சொன்னார்கள். கூவினான். எதிரே நின்ற பெர்னாரோ பிரபு முறைத்த முறைப்பில் நாக்கு ஒருமுறை குழறியது.

இலையுதிர் காலத்தில் இன்னொரு சேதி வந்தது. கூவிவிட்டு வீட்டுக்கு வந்தவன், ஆலிவ் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி ருபீனாவிடம் சொன்னான்.

“நம்ம தீவு இனிமே ஏஜியன் கடல் மாவட்டமாம்.”

“அந்தக் கடல் எதிர்க்கரை மோரியாவுக்கும் அந்தப் பக்கம்ல இருக்கு? நாம இந்தப் பக்கம் கிடக்கோம்!”

“பாரிஸ்ல அப்படித்தான் எழுதியிருக்காங்களாம்.”

“அப்ப கடலைத் தூக்கிட்டு வரப்போறாங்களாக்கும். கை கழுவிட்டுச் சாப்பிட வாங்க, குடிமகனே.”

ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. ரஷ்யக் கப்பல்களும் துருக்கிக் கப்பல்களும் சேர்ந்து வந்து நின்றன. சிலுவையும் பிறையும் ஒரே பக்கம் என்றால் எதிரி யார் என்று ஜனேத்தோ பாதிரியாரிடம் கேட்டான். அவர் தாடியைத் தடவிக்கொண்டே தேவாலயத்துக்குள் போய்விட்டார். சில நாளில் கோட்டை விழுந்தது, பிரெஞ்சுக்காரர்கள் கைதானார்கள். பிரபுக்களின் கை மறுபடி ஓங்கியது.

பெர்னாரோ அவனைக் கூப்பிட்டனுப்பினார். அடி விழும் என்று நினைத்துக்கொண்டே போனான்.

“போன வருஷம் எந்தெந்தத் தெருவுல எல்லாரும் சமம்னு கூவினியோ, அங்கெல்லாம் போய் அது பொய்னு சொல்லுடா.”

“நான் கூவுனது மட்டும்தாங்க, குடிமகனே...” பழக்கத்தில் வாய் தவறிவிட்டது. பிரபுவின் கைத்தடி அவன் தோளில் இறங்கியது.

வீங்கிய தோளில் முரசை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனான். துறைமுகத்தில் மீனவன் ஸ்தமாத்தி மறித்தான்.

“அண்ணே, அப்பச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?”

கைத்தடி வைத்திருப்பவர்கள் யாராவது ஜனேத்தோவின் பக்கத்தில் இருக்கிறார்களா என்று பார்த்தான்.

“தெரியலப்பா. நெசமாவே தெரியல.”

அன்றிலிருந்து, “கூவச் சொன்னது இது” என்று ஆரம்பிக்காமல் அவன் எந்தச் சேதியும் சொன்னதில்லை. ஒன்பது வருஷம் கழித்துப் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தபோதும் அப்படித்தான் கூவினான். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ஆங்கிலேயர் கரையிறங்கிய வாரம், காய்ச்சலில் இறந்துபோனான். அவர்கள் வந்த சேதியைக் கூவ வேறு ஆள் பிடித்தார்கள்.