சின்ன உடம்பு

இது நடந்தது. கதை கட்ட கலாராணிக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

இலங்கை மலையகத்துப் பதுளையில் ஒரு ஸ்கேன் சென்டர்; அங்கே படம் எடுப்பவள் கலாராணி. சாயங்காலம், விடாத மழை. காலையிலிருந்து மெஷினோடு மாரடித்ததில் அவளுக்குக் கால் கடுத்தது. கடைசி ஆள், கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஜெயலெட்சுமி. நுரையீரலில் ஏதோ பொட்டு இருப்பதாக டாக்டருக்குச் சந்தேகம். நாளைய கிளினிக்குக்குத் தெளிவான படம் வேண்டும். இல்லாவிட்டால் வைத்தியம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

உடம்பு பருத்திருந்தால் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளி விழும். அதனால் நெஞ்சை அளந்து, அதற்கேற்ப எக்ஸ்ரே கதிரின் அளவைக் கூட்ட வேண்டும். தோட்டத்துப் பெண்களை அங்கே யாரும் அளப்பதில்லை. பார்த்தவுடன் 'சின்ன உடம்பு' என்ற பொத்தானை அழுத்திவிடுவார்கள். கலாராணியும் அழுத்தினாள்.

"மூச்ச இழுத்துப் புடிச்சுக்குங்கக்கா."

படம் வந்தது. முழுக்க மணல்.

தன்மேலேயே எரிச்சலாக வந்தது. போய் அளந்தாள். சின்ன உடம்புதான். ஜெயலெட்சுமியை இறக்கிவிட்டு, மெஷினைச் சோதிக்கும் தண்ணீர் உருளையை வைத்துப் பார்த்தாள். படம் பளிச்சென்று இருந்தது. மெஷினில் குற்றமில்லை.

மறுபடி படுக்கவைத்தாள்.

"மூச்சப் புடிங்கக்கா."

கண்ணாடிக்கு அப்பால் ஜெயலெட்சுமியின் நெஞ்சு அசையவில்லை. ஆனால் ஸ்பீக்கரில்...

உஸ்... உஸ்...

யாரோ மூச்சு வாங்கினார்கள்.

படத்தில் அதே மணல். இவ்வளவு மணல் விழ எத்தனை பெரிய உடம்பு வேண்டும்? கணக்குப் போட்டாள்.

இரண்டு ஆள்.

"அக்கா... கூட யாராச்சும் வந்தாங்களா?"

"இல்ல மிஸ். தனியாத்தான் வந்தேன்."

பயமாக இருந்தது. பயப்படக்கூட அலுப்பாக இருந்தது. இரண்டு ஆளுக்கான கதிர் அளவை வைத்து அழுத்தினாள்.

படம் தெளிந்தது. சின்னப் பொட்டுதான். காப்பாற்றிவிடலாம்.

மறுநாள் கிளினிக் முடிந்து ஜெயலெட்சுமி சொல்லிவிட்டுப் போக வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"ராத்திரி நல்லா தூங்கினேன் மிஸ். எங்க தோட்டத்துல மலை மண்ணு சரிஞ்சப்போ நானும் எந் தங்கச்சியும் மண்ணுக்குள்ள ஒண்ணா மாட்டிக்கிட்டோம். விடிய விடிய எம் மேலயே கெடந்தா. மூச்சு வாங்கி வாங்கியே செத்துப்போனா. அன்னையிலருந்து நெஞ்சுல ஒரு பாரம். நேத்து இங்கதான் எறங்குச்சு."

கலாராணி மெஷின் பக்கம் திரும்பினாள். இன்று காலையில் சோதனைக்கு வைத்த தண்ணீர் உருளையின் படம் இன்னும் திரையில் இருந்தது.

முழுக்க மணல்.