அக்கா பியானோவில் போட்ட சண்டை

என் அக்கா பக்கத்துக் கடைக்குப் போவதென்றாலும் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புவது என்று முந்தின நாளே முடிவு செய்துவிடுவாள். குடை எடுத்துப் போன நாளில் மழை பெய்யவில்லை என்றால் மழைமேல் கோபப்படுவாள். பியானோ டீச்சர். கிரேடு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள்தான் அவளிடம் வருவார்கள். தாளில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை வாசிக்க வேண்டும், ஒரு சுரம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. "உன் பிள்ளைங்க தாள்ல ஈ உட்கார்ந்தா அதையும் சேர்த்து வாசிப்பாங்க போல" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். "வாசிச்சா நல்லதுதான். தாளை ஒழுங்கா பார்க்குதுன்னு அர்த்தம்" என்றாள்.

பேச்சில் அவளை ஜெயித்தவர் யாரும் கிடையாது. சின்ன வயதிலிருந்து அவளிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் என் பொழுதுபோக்கு. தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால்கூடப் பின்வாங்க மாட்டாள். ஒருமுறை என் கல்யாண நாளையே மாற்றிச் சொன்னாள். அது இல்லை என்றேன். அதையே இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னபோது, எதற்கும் இருக்கட்டும் என்று என் மனைவியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

அத்தான் இறந்துபோன பிறகு அக்கா தனியாக இருந்தாள். மாடியில் வாடகை வீடு, கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு பியானோ. பிள்ளைகள் போனைப் பார்த்தே கற்றுக்கொள்ள ஆரம்பித்ததும் வகுப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. வேறு ஊரில் இருந்த அவள் மகன் நல்ல பையன். நல்ல பிள்ளைகள் செய்கிற எல்லாத் தொல்லைகளையும் செய்தான். "இங்க வந்துடும்மா, சாமான் ரூமை ஒழிச்சுக் கட்டில் போட்டாச்சு" என்றான். பியானோவுக்கு அங்கே இடம் கிடையாதாம், வாங்கிக்கொள்ள ஒரு ஆளைக்கூடப் பார்த்து வைத்துவிட்டானாம். அக்கா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஹோட்டல் லவுஞ்சில் பியானோ வாசிக்கிறவர் கப்பல் வேலைக்குப் போனார். நான் அங்கே கேப்டன். அதாவது சர்வர்களை அதட்டுகிற சர்வர். என் அக்கா வாசிப்பாள் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"தாளை வச்சுக்கிட்டு வாசிக்கக் கூடாது. பரீட்சை ஹால் மாதிரி இருக்கும், வர்றவங்களுக்கு வயித்தைக் கலக்கும்" என்றார் மேனேஜர். "ஜாஸ்தான் வேணும். மெதுவா, மெத்துன்னு, சொந்தமா இழைச்சு வாசிக்கணும்."

இந்தச் 'சொந்தமா' என்ற இடத்தில்தான் அக்காவுக்கு இடித்தது. சங்கதி இவ்வளவுதான். முதலில் பாட்டை எல்லோருக்கும் தெரிந்த மாதிரி வாசிக்க வேண்டும். அடுத்த சுற்றில் இடது கை அதே கோர்டுகளை, அதாவது சேர்த்து அழுத்துகிற சுரக் கொத்துகளை, அதே வரிசையில் போட்டுக்கொண்டே போகும். வலது கை மட்டும் பாட்டை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். கடைசியில் மறுபடி பாட்டுக்கு வந்து சேர வேண்டும். ஒரு மாதம் அக்கா ரெக்கார்டுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டாள். இடது கை நாலே நாளில் படிந்துவிட்டது. வலது கைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"தோணும்னா எப்பத் தோணும்? அதைச் சொல்லு முதல்ல" என்று என்னிடம் கேட்டாள், நான்தான் கையில் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்பது போல.

கடைசியில் அவள் தன் வழியிலேயே ஒரு முடிவு கண்டுபிடித்தாள். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டுக்கும் 'திடீரென்று தோன்றுவதை' ஆற அமர உருவாக்கினாள். பிடிக்காததை அடித்தாள், பிடித்ததை வைத்துக்கொண்டாள், பிறகு முழுவதையும் மனப்பாடம் செய்தாள். நடுவில் ஒரு இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு, அடுத்து என்ன என்று யோசிப்பவள் மாதிரி விட்டத்தைப் பார்க்க வேண்டும். அதையும் ஒத்திகை பார்த்தாள்.

லவுஞ்சில் அமோக வரவேற்பு. "உங்க அக்கா பியானோவில அப்படியே கரைஞ்சுடறாங்க" என்றார் மேனேஜர். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

கொஞ்ச நாளிலேயே குட்டு உடைந்தது. மேனேஜரிடம் இல்லை, சர்வர்களிடம். தினமும் அதே இடத்தில் அதே சுரம் வந்தால் காது சும்மா இருக்குமா? அக்காவின் வலது கை மேலே ஏறத் தொடங்கினால் சூப் புறப்படும். அவள் விட்டத்தைப் பார்க்கும்போது காலித் தட்டுகளை எடுப்பார்கள். பார்காரர் பானம் கலக்கக் குலுக்குகிற குவளையை அவள் முடிக்கிற தாளத்துக்குச் சரியாக நிறுத்தி, விருந்தாளிகளிடம் கைதட்டு வாங்கினார். சமையலறைக்குள் போனால் ஆளாளுக்கு விட்டத்தைப் பார்த்து யோசிக்கிறார்கள். நான் அதட்டினேன். ஆனாலும் உண்மையைச் சொன்னால், அந்த மாதிரி ஒழுங்காக எங்கள் லவுஞ்சு அதற்கு முன் நடந்ததே இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மேலிடத்து அம்மா வந்தார். எங்கள் முதலாளிக்கு இருக்கிற எல்லா ஹோட்டல்களிலும் யார் வாசிக்கலாம், யார் கூடாது என்று முடிவு செய்கிறவர். கிராப் வெட்டிய நரைமுடி, தோளில் பெரிய பை. முதல் நாள் மாலை ஒரு மூலையில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டே கேட்டார். கிளம்பும்போது மேனேஜரிடம் அவர் சொன்னது, பில் கொண்டுபோன என் காதிலும் விழுந்தது.

"நல்லா வாசிக்கிறாங்க. நாளைக்கும் இதே பாட்டைக் கேட்கப் போறேன். என்ன பண்றாங்கன்னு பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

 அவர் பாராட்டிய அந்தத் 'தோன்றல்' ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அதையே மறுநாளும் வாசித்தால் மனப்பாடம் என்று தெரிந்து வேலை போகும். வேலை போனால் வீடு போகும், பியானோ போகும், அக்கா அந்தச் சாமான் ரூமுக்குப் போவாள்.

விஷயத்தை அக்காவிடம் அன்றே சொல்லிவிட்டேன். மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால், அக்கா காலையிலிருந்து எழுந்திருக்காமல் அதே பாட்டுக்கு இரண்டாவது 'தோன்றல்' தயார் செய்து முடித்திருந்தாள்.

"இதுவும் மனப்பாடம்தானே அக்கா?"

"மனப்பாடம் பண்ணாம யாருடா வேலை பார்க்கிறான்? நீ தினம் சூப் பேரையெல்லாம் ஒப்பிக்கிறியே, அது என்ன, அப்பப்பத் தோணுறதா?"

"நான் சூப்பைச் சொந்தமா இழைச்சுத் தர்றேன்னு யார்கிட்டயும் சொல்லலையே."

"நீ கொண்டு வர்ற சூப்புல ஆறிப்போனது ஒண்ணுதான் உன் சொந்தம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதை எப்ப எழுதி வச்சே?"

"எதை?"

"ஆறிப்போன சூப்பை."

"இதையெல்லாமா எழுதி வைப்பாங்க? உன் மூஞ்சியைப் பார்த்ததும் வருது."

"அதைத்தான் நானும் சொல்றேன். சண்டைக்கு நீ தாளே பார்க்கிறதில்லை. வாயில வர்றது கையில வந்தா போதுமே."

"சண்டை வேற, சங்கீதம் வேற. உனக்கு ரெண்டும் தெரியாது."

"சரி சரி. நீ சொன்னா சரிதான்" என்று தலையாட்டினேன்.

என்னுடைய இந்தத் தலையாட்டல் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி, போனால் போகிறது என்று மெல்ல ஒரு ஆட்டல். இதைப் பார்த்தால் அக்காவுக்கு உச்சந்தலைக்கு ஏறும். அன்றும் ஏறியது. வாயைத் திறந்தவள், என்ன நினைத்தாளோ, சட்டென்று பியானோ பக்கம் திரும்பி ஐந்தாறு சுரத்தைச் சுள்ளென்று வாசித்தாள். வாசித்துவிட்டு அவளே பயந்து கையை எடுத்தாள்.

"என்னடா அது?"

"எனக்கென்ன தெரியும்? என்னைத்தான் ஏதோ திட்டினே. நல்லாத்தான் இருந்துச்சு."

மறுபடி முயன்றாள். வரவில்லை. இன்னும் இரண்டு தடவை நான் தலையாட்டியும் பார்த்தேன். வேண்டுமென்றே ஆட்டினால் கோபமும் வேண்டுமென்றேதான் வருகிறது. "போய் வேலையைப் பாருடா" என்று என்னை விரட்டிவிட்டு, தயார் செய்ததை மனப்பாடம் செய்யத் திரும்பினாள்.

அன்று மாலை மேலிடத்து அம்மா மூலையில் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துப் பியானோவுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

"நேத்து வாசிச்ச பாட்டையே இன்னைக்கும் கேட்கலாமா?"

"தாராளமா" என்றாள் அக்கா, இப்போதுதான் கேள்விப்படுகிறவள் மாதிரி. இரண்டாவது 'தோன்றலை' ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தாள். பழக்கப்பட்ட சுரம் வராததால், சூப்போடு எப்போது புறப்படுவது என்று தெரியாமல் சர்வர்கள்தான் கொஞ்சம் தடுமாறினார்கள். முடிந்ததும் நான் மூச்சு விட்டேன்.

"அருமை" என்றார் அந்த அம்மா. "இன்னொரு தடவை?"

அக்காவிடம் இன்னொன்று இல்லை.

பாட்டை வாசித்தாள். பாட்டு முடிந்தது. சுற்று தொடங்கியது. இடது கை அது பாட்டுக்குக் கோர்டைப் போட, வலது கை பியானோவுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. விட்டத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை அது ஒத்திகை இல்லை. விட்டத்தில் ஒன்றும் இல்லை. நான் தட்டில் நாலு சூப்போடு நடுவில் நின்றேன், என் அக்கா என் கண் எதிரிலேயே முழுகிக்கொண்டிருந்தாள், நீட்டுவதற்கு என் கையில் ஒரு கயிறுகூட இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். பயந்துபோயிருந்தாள். அப்படி அவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், எல்லாம் சரியாகப் போய்விடும் என்று தேற்றுவதற்காகத்தான் தலையாட்டினேன். சத்தியமாகத் தேற்றுவதற்குத்தான். ஆனால் என் தலைக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆட்டல்தான்.

அக்காவின் முகம் மாறியது. வலது கை இறங்கியது.

தப்பான சுரம். சங்கீதம் தெரியாத எனக்கே பல் கூசியது. ஜன்னலோர மேஜையில் ஒருவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி வாசித்திருந்தால் அக்கா பென்சிலால் பியானோவைத் தட்டி முதலிலிருந்து தொடங்கச் சொல்லியிருப்பாள்.

அவள் அந்தச் சுரத்தையே மறுபடி வாசித்தாள், இன்னும் அழுத்தமாக. யார் சொன்னது தப்பென்று? மூன்றாவது தடவை அதே சுரம் விழுந்தபோது அடியில் இடது கை அடுத்த கோர்டுக்குப் போயிருந்தது. தப்பாக இருந்த சுரம் அப்படியே நியாயமாகி, அங்கேதான் இருக்க வேண்டியது மாதிரி உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கேள்வி கேட்டாள், பதில் வருவதற்குள் அவளே பதிலும் சொன்னாள். பாதியில் விட்டுவிட்டு வேறு விஷயத்துக்குத் தாவினாள், மறந்துவிட்டாள் என்று நினைத்த நேரத்தில் திரும்பி வந்து குத்தினாள். எல்லாம் எனக்குப் பழக்கமான குரல்தான். ஆனால் நடுவில் ஒரு இடத்தில் குரல் தணிந்தது, நாலைந்து சுரம் மட்டும், மெல்ல. அந்த இடத்தில் அவள் என்னோடு பேசவில்லை. அத்தானோடு இருக்கலாம்.  பார்காரர் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் குவளையைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். சர்வர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அன்றைக்கு எல்லா மேஜைக்கும் ஆறின சூப்தான்.

அவள் பாட்டுக்குத் திரும்பி வந்து முடித்தபோது கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. முடிந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை.

மேலிடத்து அம்மா முன்னால் குனிந்து கேட்டார். "ஆரம்பத்துல ஒரு சுரம் தப்பா விழுந்துச்சே?"

"தப்பா? அது அப்படித்தான்" என்றாள் அக்கா.

"தப்புதாங்க."

"இல்லவே இல்லை."

 அந்த அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "இவங்களே இருக்கட்டும்" என்று மேனேஜரிடம் சொன்னார். "ஆளை மாத்த வேண்டாம்." வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "ஆனா அது தப்புதான்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வேலை முடிந்து அக்காவை வீடு வரை கொண்டுவிட நானும் கூட நடந்தேன். வழியெல்லாம் அவள் விரல்கள் காற்றில் எதையோ தேடிக்கொண்டிருந்தன.

"நான் என்னடா வாசிச்சேன்?"

எனக்குத் தெரிந்த மாதிரி முனகிக் காட்டினேன்.

"அது இல்லை."

"அப்ப எப்படி? நீயே சொல்லு."

அவள் நின்றாள். யோசித்தாள். "தெரியலைடா. ஒண்ணுகூட ஞாபகம் இல்லை" என்று சொல்லி, நடுரோட்டில் சிரிக்கத் தொடங்கினாள். பார்த்தால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. நான் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அப்போது மகன் போன் செய்தான். பியானோ வாங்குகிற ஆள் நாளைக் காலை வருகிறாராம், கொஞ்சம் தூசி தட்டி வைக்கச் சொன்னான்.

"வரச் சொல்லுடா. ஆனா விக்கிறதா இல்லை. வீட்டைத் தேடி வர்றவரைச் சும்மா அனுப்பக் கூடாது, உட்கார வச்சு வாசிச்சுக் காட்டுறேன், கேட்டுட்டுப் போகட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"என்ன வாசிக்கப் போறே?" என்று கேட்டேன்.

"இப்பவே கேட்டா எப்படிடா? அது நாளைக்குத்தானே தெரியும்" என்றாள் அக்கா.